சட்டம் பயிலும் இடம்

இராயபுரத்தின் ஒரு பகுதிக்குக் கல்மண்டபம் என்று பெயர். அதற்குக் கிழக்கே கடலும் மீன்பிடித் துறைமுகமும் இருக்கின்றன. தெற்கே சென்னைத் துறைமுகம். வடக்கே திருவொற்றியூர், எண்ணூர் வரையில் ஆலைகளும் கிடங்குகளும் தொடர்ந்து செல்கின்றன. மூட்டை சுமப்போரும், வலை பின்னுவோரும், லாரி ஓட்டுவோரும், மீன் விற்கும் பெண்களும் வாழும் பகுதி இது. இங்கிருந்து சற்றே நடந்தால் ஸ்டான்லி மருத்துவமனை வந்துவிடும். பஞ்ச காலத்தில் ஏழைகளுக்குக் கஞ்சி வார்த்த சத்திரத்தோடு அதன் வரலாறு தொடங்குவதால், பழைய மக்கள் அதனைக் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்றே அழைத்தார்கள். 1938-ஆம் ஆண்டு முதல் அங்கே மருத்துவக் கல்லூரியும் நடந்து வருகிறது.

காலை வேளையில் அங்கே சென்று பார்த்தால் ஒரு காட்சியைக் காணலாம். பேராசிரியர் ஒருவர் ஒவ்வொரு கட்டிலாக நின்று செல்வார். மாணவர்கள் அவரைப் பின்தொடர்வார்கள். நோயாளியின் நாடியைத் தொட்டுப் பார்ப்பார்கள். எங்கே வலிக்கிறது என்று கேட்பார்கள். நோயாளியைத் தொடாமலே ஒருவர் மருத்துவராகிவிடலாம் என்று யாரேனும் சொன்னால் நாம் சிரிப்போம். ஆனால் கட்சிக்காரர் ஒருவரின் முகத்தைக் கூடப் பார்க்காமல் ஒருவர் வழக்கறிஞராகிவிடலாம் என்றால் நாம் சிரிப்பதில்லை. நெடுங்காலம் அப்படித்தான் நடந்து வந்தது. இது சரியா என்பதைத்தான் இன்று உங்களோடு சேர்ந்து ஆராய விரும்புகிறேன்.

முன்பு நிலைமை எவ்வாறு இருந்தது? சென்னைச் சட்டக் கல்லூரி 1891-ஆம் ஆண்டில் தோன்றியது. உயர் நீதிமன்ற வளாகத்திலேயே அதற்குக் கட்டடம் எழுந்தது. கல்லூரியில் பட்டம் பெற்றவர் ஒரு மூத்த வக்கீலிடம் சேர்ந்து, அவர் கட்டுகளைச் சுமந்து, அவர் கட்சிக்காரரோடு பேசுவதைக் கேட்டுத் தொழில் பழகினார். 1961-ஆம் ஆண்டின் வழக்கறிஞர்கள் சட்டமும் பதிவுக்கு முன் பயிற்சி வேண்டும் என்றே முதலில் கூறியது. 1973-இல் வந்த திருத்தம் அந்தக் கட்டாயத்தை நீக்கிவிட்டது. பிற்காலத்தில் வழக்கறிஞர் மன்றம் பயிற்சியை மீண்டும் கொண்டுவர முயன்றபோது, அந்த விதிகள் செல்லா என்று உச்ச நீதிமன்றம் 1999-இல் தீர்ப்பளித்தது. ஆகவே, பழகிக்கொள்ள வேண்டியதைக் கல்லூரிக் காலத்திலேயே பழகிக்கொள்வது அவசியமாயிற்று.

இதற்கு வழி என்ன? மருத்துவக் கல்லூரிக்கு மருத்துவமனை இருப்பதைப் போலச் சட்டக் கல்லூரிக்கும் ஒரு சட்ட உதவி மையம் இருக்கட்டும் என்பதே வழி. அமெரிக்காவில் ஹார்வர்டு மாணவர்கள் 1913-ஆம் ஆண்டிலேயே ஏழைகளுக்காகச் சட்ட உதவி நிலையம் ஒன்றைத் தொடங்கினார்கள். ஜெரோம் ஃபிராங்க் என்ற சட்ட அறிஞர் 1933-இல், மருத்துவக் கல்வியைப் பார்த்துச் சட்டக் கல்வி திருந்தக் கூடாதா என்று கேட்டு ஒரு கட்டுரை எழுதினார். நம் நாட்டில் ஏழைகளுக்குச் சட்ட உதவி வழங்குவது பற்றி ஆராய்ந்த குழுவுக்கு வி. ஆர். கிருஷ்ணய்யர் தலைமை தாங்கி, 1973-இல் அறிக்கை அளித்தார். அவர் நம் சென்னைச் சட்டக் கல்லூரியில் பயின்றவர் என்பதை நீங்கள் நினைவில் வைக்க வேண்டும். 1976-இல் அரசியலமைப்புச் சட்டத்தில் 39-ஏ என்னும் உறுப்பு சேர்க்கப்பட்டது. பொருள் இல்லாத காரணத்தால் எவருக்கும் நீதி மறுக்கப்படலாகாது என்பதும், அதற்காக அரசு இலவசச் சட்ட உதவி அளிக்க வேண்டும் என்பதும் அதன் கருத்து. அதனைச் செயற்படுத்த 1987-இல் சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டம் இயற்றப்பட்டது. 1995-ஆம் ஆண்டு நவம்பர் 9-ஆம் நாள் அது நடைமுறைக்கு வந்தது. பல்கலைக்கழகங்களிலும் சட்டக் கல்லூரிகளிலும் சட்ட உதவி மையங்கள் அமைவதை ஊக்குவிப்பது தேசிய ஆணைக்குழுவின் கடமைகளுள் ஒன்று என்று அந்தச் சட்டமே கூறுகிறது. இந்திய வழக்கறிஞர் மன்றத்தின் 2008-ஆம் ஆண்டு விதிகளும், ஒவ்வொரு சட்டக் கல்லூரியிலும் மூத்த ஆசிரியர் ஒருவரின் மேற்பார்வையில், இறுதியாண்டு மாணவர்கள் நடத்தும் சட்ட உதவி மையம் இருக்க வேண்டும் என்கின்றன.

விதி இருக்கிறது, மையமும் பல இடங்களில் இருக்கிறது. அங்கே மாணவர் எதைக் கற்கிறார்? இதனை ஒரு நிகழ்ச்சியால் விளக்குகிறேன்.

நான் சட்டம் கற்பிக்கும் ஆசிரியன். 2017-ஆம் ஆண்டு ஆடி மாதத்தில் ஒரு சனிக்கிழமை, மாணவர் அறுவருடன் கல்மண்டபத்துக்கு அருகில் ஒரு படிப்பகத்தில் உட்கார்ந்திருந்தேன். இலவசச் சட்ட ஆலோசனை என்று வாயிலில் எழுதி வைத்திருந்தோம். முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க பெண்மணி ஒருவர் ஒரு துணிப்பையுடன் வந்தார். குடும்ப அட்டையில் தம் கணவரின் வயது தவறாக இருப்பதாகவும், அதைத் திருத்த எங்கே போக வேண்டும் என்றும் கேட்டார். ஒரு மாணவர் உடனே அலுவலகத்தின் பெயரைச் சொன்னார். கொண்டுபோக வேண்டிய காகிதங்களையும் சொன்னார். விடை சரியானதே. அந்த அம்மையாரும் எழுந்துவிட்டார்.

அப்போது அருகிலிருந்த மாணவி, “அக்கா, ஒரு நிமிஷம் உட்காருங்க. வயசை இப்ப எதுக்காக மாத்தணும்?” என்று கேட்டாள்.

அந்தக் கேள்விக்குப் பிறகுதான் உண்மை வெளிவந்தது. கணவர் இப்போது உயிரோடு இல்லை. ஒரு கிடங்கில் சுமை இறக்கும்போது இரும்புக் கட்டு சரிந்து விழுந்து இறந்துபோனார். ஓராண்டும் எட்டு மாதமும் ஆகியிருந்தன. விதவைக்குரிய உதவித்தொகைக்காக அலைந்தபோதுதான் வயது வேறுபாடு தடையாக வந்தது. கிடங்குக்காரர் ஏதேனும் கொடுத்தாரா என்று மாணவி கேட்டாள். வீட்டுக்கே வந்து 50,000 ரூபாய் கொடுத்தார்களாம். முத்திரைத்தாளில் கையெழுத்தும் வாங்கிக்கொண்டார்களாம். இனி எவ்விதக் கோரிக்கையும் இல்லை என்று அதில் எழுதியிருந்தது.

“கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டேன், கண்ணு. இனி கேக்க என்ன இருக்குது?” என்றார் அந்த அம்மையார்.

மாணவர்கள் என்னைப் பார்த்தார்கள். நான் ஒன்றும் சொல்லவில்லை. அவர்கள் அறுவரும் அந்த விடையை முந்திய பருவத்தேர்வில் எழுதி மதிப்பெண் பெற்றவர்கள். அப்போது நடைமுறையில் இருந்த 1923-ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டத்தின் 8-ஆம் பிரிவு என்ன சொன்னது? தொழிலாளி இறந்துபோனால், இழப்பீட்டை வேலை கொடுத்தவர் அதற்குரிய ஆணையரிடமே செலுத்த வேண்டும். வீட்டில் நேரே கொடுத்த பணம் இழப்பீடு ஆகாது. மூன்று மாத ஊதியத்துக்கு மேற்படாத முன்பணத்தை மட்டும் ஆணையர் கழித்துக்கொள்ளலாம். ஆகவே அந்த முத்திரைத்தாள் அந்த அம்மையாரின் உரிமையை அழிக்கவில்லை. புத்தகத்தில் ஒரு வரியாக இருந்த சட்டம், துணிப்பைக்குள் மடித்து வைத்திருந்த ஒரு காகிதத்தோடு அன்று வந்து சேர்ந்தது. சேர்த்து வைத்தது அந்த ஒரு கேள்வி. அது கேட்கப்படாமல் போயிருந்தால், சரியான விடையைப் பெற்றுக்கொண்டே அந்த அம்மையார் தம் உரிமையை இழந்திருப்பார்.

மாணவர் கற்கும் முதல் திறன் இதுவே: கேட்டல். கட்சிக்காரர் கேட்பது ஒன்றாகவும், அவருக்கு வேண்டியது வேறொன்றாகவும் இருக்கலாம். ஏழைக்குத் தன் துன்பத்தில் எந்தப் பகுதி சட்டத்துக்குள் வரும் என்பது தெரியாது. அதைத் தெரிந்துகொள்வது கேட்பவரின் கடமை.

இரண்டாவது, உண்மையைத் தேடுதல். வகுப்பில் நாம் கொடுக்கும் கணக்கில் உண்மைகள் யாவும் முதல் பத்தியிலேயே அச்சிடப்பட்டிருக்கும். வாழ்க்கையில் அவ்வாறு இல்லை. கணவர் அந்தக் கிடங்கில் வேலை செய்தார் என்பதற்குச் சம்பளச் சீட்டு இல்லை. மாணவர்கள் காவல் நிலையத்து முதல் தகவல் அறிக்கையின் நகலைப் பெற்றார்கள். வேலை செய்துகொண்டிருந்தபோது மரணம் நேர்ந்தது என்று அதில் பதிவாகியிருந்தது. உடன் சுமை தூக்கிய இருவரைத் தேடிப் பிடித்தார்கள். பகலில் சென்றபோது அவர்கள் கிடைக்கவில்லை. இரவு வேலை முடிந்து வரும் விடியற்காலையில்தான் கிடைத்தார்கள். சாட்சியைத் தேடிப் போக வேண்டிய நேரத்தை எந்தப் பாடநூலும் சொல்லிக் கொடுக்காது.

மூன்றாவது, கணக்கு. அந்தச் சட்டத்தின்படி மாத ஊதியத்தில் பாதியை, வயதுக்கு ஏற்ற ஓர் எண்ணால் பெருக்க வேண்டும். இறந்தவர் எவ்வளவு சம்பாதித்திருந்தாலும் அப்போது கணக்கில் கொள்ளும் ஊதியத்தின் மேல்வரம்பு 8,000 ரூபாய். குடும்ப அட்டையில் அவருக்கு 45 வயது. பள்ளிச் சான்றிதழில் 40. வயது 45 என்றால் எண் 169.44, தொகை 6,77,760 ரூபாய். வயது 40 என்றால் எண் 184.17, தொகை 7,36,680 ரூபாய். இரண்டுக்கும் வேறுபாடு 58,920 ரூபாய். வீட்டுக்கு வந்து கொடுத்த பணம் முழுவதையும்விட இந்த வேறுபாடே பெரிது! ஓர் எழுத்தர் எப்போதோ கவனமின்றி எழுதிய வயது ஒரு குடும்பத்துக்கு எவ்வளவு விலையாகிறது என்பதை மாணவர்கள் அன்று கண்டார்கள்.

நான்காவது, கால எல்லை. மரணம் நேர்ந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் மனுச் செய்ய வேண்டும். தக்க காரணம் காட்டினால் தாமதத்தை ஆணையர் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் அதனை நம்பி இருக்க முடியுமா? எஞ்சியிருந்தவை நான்கு மாதங்களே. தேர்வு மண்டபத்தில் கால எல்லை என்பது மனப்பாடம் செய்யும் ஒரு செய்தி. அந்தப் படிப்பகத்தில் அது நாட்காட்டியாக மாறியது.

ஐந்தாவது, எழுதுதல். மாணவர்கள் எழுதிய முதல் மனு ஒன்பது பக்கம் இருந்தது. அதில் அரசியலமைப்புச் சட்டம் இருந்தது; உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் இருந்தன; இறந்தவரின் வேலை நேரம் மட்டும் இல்லை. நான்காவது படி மூன்று பக்கத்தில் முடிந்தது. அதனை அந்த அம்மையாருக்குத் தமிழில் படித்துக் காட்டச் சொன்னேன். கேட்டுவிட்டு, விபத்து நடந்தது செவ்வாய் இல்லை, புதன் என்று அவர் திருத்தினார். எழுதியதைக் கட்சிக்காரருக்குப் படித்துக் காட்டாத வக்கீல், சில நாள்களில் தம் பிழையை எதிர்த்தரப்பு வக்கீலின் வாயிலிருந்து கேட்க நேரும்.

இவ்வளவும் செய்த பிறகு, மாணவர்கள் நின்றுகொள்ள வேண்டிய ஓர் எல்லை உண்டு. பதிவு பெறாதவர் வழக்கறிஞராகத் தொழில் நடத்த முடியாது. ஆகவே காகிதக் கட்டுடன் அந்த அம்மையாரைச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவிடம் அழைத்துச் சென்றோம். ஆணைக்குழு ஒரு வழக்கறிஞரை அமர்த்தியது. பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத் திறனாளிகள், தொழிலாளர், காவலில் இருப்போர், வெள்ளம் போன்ற பேரிடரிலும் தொழிற்சாலை விபத்திலும் பாதிக்கப்பட்டோர் ஆகியோருக்கு இந்த உதவியைப் பெறும் உரிமை சட்டத்தின் 12-ஆம் பிரிவில் இருக்கிறது. 15100 என்ற கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணிலும் அதனைக் கேட்கலாம்.

மனு உரிய காலத்துக்குள் பதிவாயிற்று. முடிவு வர இரண்டு ஆண்டுகள் பிடித்தன. பள்ளிச் சான்றிதழில் இருந்த வயதே ஏற்றுக்கொள்ளப்பட்டது. முதலில் கேள்வி கேட்ட மாணவி அதற்குள் பட்டம் பெற்றுவிட்டாள். ஆயினும் ஒவ்வொரு வாய்தாவுக்கும் அவள் சென்று, அந்த அம்மையாரின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அன்று அங்கே என்ன நடந்தது, அடுத்த வாய்தா என்றைக்கு என்பதை அவருக்கு விளங்கச் சொன்னாள். இதுவே ஆறாவது திறன். இதற்குத் திரும்பி வருதல் என்று நான் பெயர் வைத்திருக்கிறேன். இதற்கு எந்தக் கல்லூரியிலும் மதிப்பெண் இல்லை.

ஏன் இதனை வற்புறுத்துகிறேன்? சமூக சேவையால் மாணவர் அனுபவம் பெறுகிறார் என்று நாம் பெருமையாகச் சொல்கிறோம். அந்த அனுபவத்தின் விலையை யார் கொடுக்கிறார்கள் என்றும் எண்ணிப் பார்க்க வேண்டும். ஒருநாள் முகாம் நடத்தி, நிழற்படம் எடுத்துக்கொண்டு, அறிக்கை எழுதி மதிப்பெண் பெற்றுப் போய்விட்டால், மாணவருக்கு லாபம். தன் துன்பத்தை முன்பின் தெரியாத ஒருவரிடம் சொல்லிவிட்டு வீடு திரும்பியவருக்கு என்ன லாபம்? தைக்கப் பழகுகிறவன் பிறர் வீட்டுப் பட்டுப்புடவையில் பழகக் கூடாது. தெரியாததைத் தெரியாது என்று சொல்ல வேண்டும். ஆசிரியரைக் கேட்டு அடுத்த வாரம் சொல்கிறேன் என்று சொல்ல வேண்டும். சொன்னபடி அடுத்த வாரம் வரவும் வேண்டும். கேட்டறிந்த இரகசியத்தை விடுதி அறையில் கதையாகப் பேசக் கூடாது. வெற்றி நிச்சயம் என்று வாக்குக் கொடுக்கக் கூடாது. மக்கள் நீதிமன்றத்தில் சமரசமாக முடிந்த வழக்குக்கு மேல்முறையீடு இல்லை. ஆகையால் வழக்கு விரைவாகத் தீர்கிறது என்ற மகிழ்ச்சியில், ஏழையைக் குறைந்த தொகைக்கு இணங்கும்படி தூண்டவும் கூடாது.

தென்னாப்பிரிக்காவில் காந்தியடிகள் தொழில் தொடங்கிய புதிதில் நடந்த நிகழ்ச்சியை நீங்கள் படித்திருப்பீர்கள். 1894-ஆம் ஆண்டில் பாலசுந்தரம் என்ற தமிழ்க் கூலித் தொழிலாளி, எசமானன் அடித்துப் பல் உடைந்த நிலையில், தலைப்பாகையைக் கையில் பிடித்துக்கொண்டு அவரிடம் வந்தார். இளம் வக்கீல் முதலில் அவரை மருத்துவரிடம் அனுப்பிச் சான்றிதழ் பெற்றார். பிறகு நீதிபதியிடம் அழைத்துச் சென்றார். எசமானனைத் தண்டிப்பதைவிடப் பாலசுந்தரத்தை அவனிடமிருந்து விடுவிப்பதே தேவை என்று கண்டு, அவரை வேறொருவரின் ஒப்பந்தத்துக்கு மாற்ற வழி செய்தார். கேட்டல், சான்று தேடல், கட்சிக்காரரின் உண்மையான தேவையை அறிதல் எல்லாம் அதில் இருக்கின்றன. அந்த இளைஞரை நேட்டாலின் கூலித் தொழிலாளரிடையே அறிமுகப்படுத்தியதும் அந்த ஏழைத் தமிழரின் வழக்கே.

வடசென்னைக்கும் இத்தகைய வரலாறு உண்டு. பெரம்பூர் ஆலைத் தொழிலாளருக்காக 1918-இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. 1920-இல் ஏற்பட்ட கதவடைப்பை ஒட்டி, ஆலை நிர்வாகம் சங்கத் தலைவர் வாடியா முதலியோர்மீது உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்துத் தடையுத்தரவு பெற்றது. தொழிற்சங்கம் நடத்துவோருக்குச் சட்டப் பாதுகாப்பு இல்லை என்பதை அந்த வழக்கு நாடெங்கும் உணர்த்தியது. அதன்பின் எழுந்த கிளர்ச்சி 1926-ஆம் ஆண்டின் தொழிற்சங்கச் சட்டத்தில் முடிந்தது. மாணவர் புத்தகத்தில் படிக்கும் சட்டங்களுள் சில, இங்கே உள்ள தெருக்களின் துன்பத்திலிருந்து பிறந்தவை.

துன்பம் இன்னும் முடிந்துவிடவில்லை. 2023-ஆம் ஆண்டு டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவியது. வலைகளும் படகுகளும் கறுத்துப் போயின. தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தில் இழப்பீடு கேட்பதற்குச் சட்டம் ஐந்து ஆண்டுக் காலம் தருகிறது. ஆனால் எத்தனை வலை, என்ன விலை, எத்தனை நாள் தொழில் இல்லை என்பதை அந்த வாரத்திலேயே எழுதி வைத்தவரால்தானே பிறகு நிரூபிக்க முடியும்? மீனவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ஒரு பட்டியல் எழுதிக் கொடுக்கும் மாணவர் செய்வது சிறிய வேலைதான். வழக்கு நிற்பது அதன்மேல்தான்.

சட்டங்களும் மாறிக்கொண்டே இருக்கின்றன. நான் சொன்ன 1923-ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில், 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. பிரிவு எண்ணை மட்டும் மனப்பாடம் செய்தவர் மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். கேட்கப் பழகியவருக்கு அந்தப் பழக்கம் எந்தச் சட்டத்திலும் பயன்படும்.

உயர் நீதிமன்ற வளாகத்தில் இருந்த சட்டக் கல்லூரி, 2018-இல் பட்டறைப்பெரும்புதூருக்கும் புதுப்பாக்கத்துக்கும் இடம் மாறியது. முன்பு கல்மண்டபத்திலிருந்து கல்லூரி வாயிலுக்கு நடந்தே போகலாம். இப்போது மாணவர் நகரத்துக்கு வருவதென்றால் பேருந்தோ இரயிலோ ஏற வேண்டும். ஏழை மக்கள் கல்லூரியைத் தேடி அவ்வளவு தூரம் செல்ல முடியாது. மாணவர்தாம் அவர்களைத் தேடி வர வேண்டும். அல்லது, கல்லூரி இருக்கும் இடத்தைச் சுற்றியுள்ள கிராமங்களில் அவர்களைக் காண வேண்டும். நிலப் பட்டாவும், கூலியும், முதியோர் உதவித்தொகையும் பற்றிய கேள்விகள் அங்கேயும் காத்திருக்கின்றன.

உங்களுள் சிலர் நாளை சட்டம் படிக்கப் போகிறீர்கள். கல்லூரியில் சேர்ந்ததும், அங்கே சட்ட உதவி மையம் எங்கே இருக்கிறது, வாரத்தில் எத்தனை நாள் திறக்கிறார்கள் என்று கேளுங்கள். பூட்டியிருந்தால் சாவி யாரிடம் என்று கேளுங்கள். திறந்து உட்காருங்கள். யாரேனும் வந்து ஒன்று கேட்டால், விடை தெரிந்திருந்தாலும் உடனே சொல்லிவிடாதீர்கள். அவரை உட்காரச் சொல்லுங்கள். எதற்காக என்று கேளுங்கள். உங்கள் சட்டப் படிப்பு அந்தக் கேள்வியிலிருந்து தொடங்கும்.